வம்சாவளிப் படம் வரைந்து பரம்பரைக் குணங்களைப் படிப்பது எப்படி: கடலூர், புதுச்சேரிக் குடும்பங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

“எங்க வீட்ல யாருக்குமே இது கிடையாதே!” பிறவியிலேயே காது கேளாத பிள்ளையையோ, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டிய பிள்ளையையோ மருத்துவமனைக்குத் தூக்கி வரும் பெற்றோர் பெரும்பாலும் முதலில் சொல்வது இதுதான். அவர்கள் சொல்வதில் பொய்யே இல்லை. நோய் எட்டிப் பார்க்காத வீடுகள் வழியாகவே அதற்கான மரபணு மூன்று நான்கு தலைமுறை கடந்து வந்திருக்கும். அது வந்த வழியைக் காகிதத்தில் பிடிப்பதற்குத்தான் வம்சாவளிப் படம். பாடநூலில் கால்வழிப் படம் என்றும், மருத்துவமனையில் பெடிகிரி என்றும் சொல்வது இதையே.

படத்தைப் படிக்கும் விதிகளைப் பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலிலேயே சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். ஆனால் அந்த விதிகளுக்குப் பின்னால் ஓர் அனுமானம் இருக்கிறது: மணம் முடித்து வீட்டுக்குள் வருபவர் வெளியாள், அவரிடம் அந்த மரபணு இருக்காது. நம் பக்கத்தில் அந்த அனுமானம் பல குடும்பங்களில் நிற்காது. அக்கா மகளைக் கட்டியவர், மாமன் மகளைக் கட்டியவர், அத்தை மகளைக் கட்டியவர் இல்லாத தெரு கடலூரில் அரிது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நான்கில் ஒன்றுக்கும் மேற்பட்ட திருமணங்கள் சொந்தத்துக்குள் நடந்தவை. எனவே இங்கே படம் வரைபவர் முதலில் தேட வேண்டியது, பிரிந்த கோடுகள் எங்கே மறுபடி சேர்கின்றன என்பதைத்தான். விதிகள் அதற்குப் பிறகு.

முதலில் குணத்தைத் தெளிவாக வரையறுங்கள்

பேனாவை எடுப்பதற்கு முன் ஒரே ஒரு கேள்வி: எந்தக் குணத்தைத் தேடுகிறீர்கள்? “காது கேக்காது” என்பது ஒரு குணம் அல்ல. பிறவியிலேயே கேளாமை, சிறுவயதில் காதில் சீழ் வடிந்து போனது, மூளைக்காய்ச்சலுக்குப் பிறகு போனது, எழுபது வயதில் மந்தமானது என நான்கும் நான்கு வேறு விஷயங்கள். பாட்டிக்கு வயதான காலத்தில் கேட்காமல் போனதையும் பேரனின் பிறவிக் கேளாமையையும் ஒரே கறுப்பில் நிரப்பினால், படம் ஓங்கு பண்பு (ஒரே ஒரு பிரதி மரபணு வந்தாலே வெளிப்படும் குணம்) என்று பொய் சொல்லும்.

மாலைக்கண்ணும் அப்படித்தான். வைட்டமின் ஏ குறைவால் வந்து சத்து கொடுத்ததும் சரியானதா, விழித்திரை மெல்ல மெல்லச் சிதைந்து பார்வை குழாய்போலக் குறுகியதா? முன்னது பரம்பரை அல்ல. பின்னது பெரும்பாலும் பரம்பரை. உடம்பு முழுவதும் பிறப்பிலிருந்தே வெளுப்பு என்றால் அது நிறமியின்மை, ஒடுங்கு பண்பு; அதாவது அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால்தான் வெளிப்படும். இருபது வயதில் திட்டுத் திட்டாக வந்த வெண்புள்ளி வேறு. “ரத்தமே ஊறாது” என்று சொல்லப்படும் பெண்ணுக்கு இரும்புச்சத்துக் குறைவா, தாலசீமியா என்ற பரம்பரை ரத்த நோயின் கடத்தித் தன்மையா (நோய் இல்லாமல் மரபணுவை மட்டும் சுமப்பது) என்பது ரத்தப் பரிசோதனையில்தான் தெரியும்.

சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, உயரம், தோல் நிறம் ஆகியவற்றுக்குப் படம் வரையலாம். யாருக்கு முன்கூட்டியே பரிசோதனை தேவை என்று தெரிய உதவும். ஆனால் அவற்றில் ஓங்கு, ஒடுங்கு என்று தேடக்கூடாது. பல மரபணுக்களும் சாப்பாடும் உழைப்பும் சேர்ந்து முடிவு செய்யும் குணங்கள் அவை.

தகவல் திரட்டுவது

மூன்று தலைமுறை குறைந்தபட்சம். சொந்தத்தில் கட்டிய வீடென்றால் நான்கு, ஐந்து வரை போக வேண்டும். கோடுகள் சேரும் இடம் பெரும்பாலும் மூன்றுக்கு மேலேதான் இருக்கும்.

வீட்டின் மூத்த பெண்களிடம் கேளுங்கள். ஆண்களுக்குப் பங்காளி வரிசை நினைவிருக்கும். இறந்த குழந்தைகளையும் பெண் கொடுத்த வழிகளையும் பெண்கள்தான் நினைவு வைத்திருப்பார்கள். கேட்கும் விதம் முக்கியம். “உங்களுக்கு எத்தனை புள்ளைங்க?” என்று கேட்டால் உயிரோடு இருப்பவர்களின் எண்ணிக்கை வரும். “மொத்தம் எத்தனை தடவ வயித்துல தங்குச்சு? அதுல ஒவ்வொண்ணும் என்னாச்சு?” என்று கேட்டால்தான் கலைந்தது, குறைப்பிரசவம், மூன்றாம் நாள் போனது எல்லாம் வரும். மாமியாரும் நாத்தனாரும் உட்கார்ந்திருக்கும் கூடத்தில் இதைக் கேட்காதீர்கள். தனியாக, அடுப்படியிலோ திண்ணையிலோ, அவசரமில்லாமல் கேட்க வேண்டிய கேள்வி இது.

ஒவ்வொருவருக்கும் குறிக்க வேண்டியவை: பிறந்த ஆண்டு அல்லது தோராய வயது, இறந்திருந்தால் எந்த வயதில் எதனால், குணம் எந்த வயதில் தெரிந்தது, மருத்துவர் சொன்னதா வீட்டார் சொன்னதா, பூர்வீக ஊர் எது. இன்னொரு கேள்வியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: ஆபரேஷனுக்கு மயக்க மருந்து கொடுத்த பிறகு மூச்சு திரும்ப வெகு நேரமானவர் யாராவது உண்டா? தசையைத் தளர்த்தும் ஒரு மருந்தை உடைக்கும் நொதி சில குடும்பங்களில் பரம்பரையாகவே குறைவு. அந்த ஒரு பதில் அடுத்த ஆபரேஷனில் ஓர் உயிரைக் காக்கும்.

உறவுமுறைச் சொற்களில்தான் அதிகத் தவறு நேர்கிறது. பெரியப்பா மகனையும் அண்ணன் என்கிறோம், கூடப் பிறந்தவனையும் அண்ணன் என்கிறோம். சித்தி என்றால் அம்மாவின் தங்கை, சித்தப்பாவின் மனைவி, அப்பாவின் இளைய தாரம் என மூவரில் யாராகவும் இருக்கலாம்; முதலாமவர் ரத்த உறவு, மற்ற இருவரும் பெரும்பாலும் இல்லை. ஆகவே ஒவ்வொரு பெயருக்கும் “ஒரே வயித்துல பொறந்தவங்களா? அப்பாவும் ஒருத்தர்தானா?” என்று கேட்டே தீர வேண்டும். தத்து எடுத்ததை வெளியே சொல்லாத வீடுகளும் உண்டு. தாத்தா பெயரையே பேரனுக்கு வைப்பதால் ஒரே பெயர் மூன்று இடத்தில் வரும். படத்தில் பெயரை நம்பாமல் எண்ணை நம்புங்கள்.

கட்டிய முறையைச் சொல்லும்போது இரு வீட்டாரும் வேறு சொல் சொல்வார்கள். “அத்தை மகனைக் கட்டினாள்” என்று பெண் வீட்டில் சொல்வதும், “மாமன் மகளைக் கட்டினான்” என்று மாப்பிள்ளை வீட்டில் சொல்வதும் ஒரே திருமணம். எப்போதும் மாப்பிள்ளை பக்கத்திலிருந்தே எழுதுவது என்று ஒரு வழக்கம் வைத்துக்கொண்டால் குழப்பம் வராது. இது ஏன் முக்கியம் என்பது எக்ஸ் குரோமோசோமுக்கு (பெண்ணுக்கு இரண்டு, ஆணுக்கு ஒன்று) வரும்போது புரியும்.

நினைவு தடுமாறும் இடத்தில் காகிதம் கைகொடுக்கும். கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, பாகப்பிரிவினைப் பத்திரம், மொய் நோட்டு எல்லாம் உறவுப் பட்டியல்களே. வாரிசுச் சான்றிதழ் நல்ல ஆதாரம்தான், ஆனால் சிறுவயதில் இறந்த பிள்ளை அதில் வராது. நமக்கு வேண்டியது பல நேரம் அந்தப் பிள்ளைதான். ரேஷன் அட்டை ஒரே அடுப்பில் சாப்பிடுபவர்களைக் காட்டும், ரத்த உறவைக் காட்டாது. புதுச்சேரிக் குடும்பங்களுக்குக் கூடுதலாக ஒரு வசதி: பிரெஞ்சு ஆட்சிக் காலத்துப் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகள். பிரெஞ்சு மொழியில் இருந்தாலும் பெற்றோர் பெயர்கள் இருக்கும். கத்தோலிக்கக் குடும்பம் என்றால் ஆலயத் திருமணப் பதிவேட்டைப் பாருங்கள். நெருங்கிய சொந்தத்தில் மணம் முடிக்கத் திருச்சபையிடம் விலக்கு வாங்க வேண்டும் என்பதால் அந்த உறவு அங்கே எழுதப்பட்டிருக்க வாய்ப்புண்டு.

கடலோர ஊர்களில் 2004 சுனாமியோடு வீட்டுக் காகிதங்களும் போய்விட்டன. அங்கே இரண்டு மூத்தவர்களிடம் தனித்தனியாகக் கேட்டு ஒப்பிடுவதே வழி. இருவர் சொல்வதும் பொருந்தாவிட்டால் இரண்டையும் எழுதிக் கேள்விக்குறி போடுங்கள். நீங்களாக ஒன்றைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

வரைவது

ஒரு சார்ட் தாள் அல்லது ஏ3 காகிதம், பென்சில், அழிப்பான், அளவுகோல். முதல் படம் எப்போதும் பென்சிலில்தான். தலைமுறை வரிசை இரண்டு முறையாவது மாறும்.

ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், பால் தெரியாவிட்டால் சாய்சதுரம். எல்லாம் 1 செ.மீ. அளவில். குணம் உள்ளவருக்கு உள்ளே முழுக் கறுப்பு. ஒடுங்கு மரபணுவைச் சுமக்கும் கடத்திக்குப் பாதிக் கறுப்பு. எக்ஸ் வழிக் கடத்திப் பெண்ணுக்கு நடுவில் ஒரு புள்ளி. இறந்தவருக்குக் குறுக்கே சாய்கோடு. கலைந்த கருவுக்குச் சிறு முக்கோணம். கணவன் இடது, மனைவி வலது, நடுவே கிடைக்கோடு. அதிலிருந்து கீழே இறங்கும் கோட்டில் பிள்ளைகள், மூத்தவர் இடதுகோடியில். இரட்டையர் ஒரே புள்ளியிலிருந்து பிரியும் இரு சாய்கோடுகள். ஒரே கருவிலிருந்து வந்தவர்களானால் அவ்விரண்டையும் ஒரு கிடைக்கோடு இணைக்கும். எந்தப் பிள்ளையை முன்னிட்டுப் படம் வரைகிறோமோ அவருக்கு அம்புக்குறி. அவரைத் தாளின் நடுவில் கீழே வைத்துத் தொடங்கி மேலே ஏறுங்கள். மேலிருந்து தொடங்கினால் வேண்டிய கிளைக்கு இடம் போதாது.

தலைமுறைக்கு ரோம எண், ஆளுக்குச் சாதாரண எண் என்பது நூல் வழக்கம். இங்கே எளிதாக 2-3 என்றால் இரண்டாம் தலைமுறையில் இடமிருந்து மூன்றாமவர்.

சொந்தத்தில் மணம் என்றால் கணவன் மனைவிக்கு இடையே இரட்டைக் கோடு. மாமன் மகள், அத்தை மகள் ஒரே தலைமுறை என்பதால் சிக்கல் இல்லை. அக்கா மகள் அடுத்த தலைமுறையில் இருப்பார். அவரை மேலே தூக்கி வைக்காதீர்கள், மாமனைக் கீழே இறக்கவும் வேண்டாம். அவரவர் வரிசையில் வைத்து இரட்டைக் கோட்டைச் சாய்வாக இழுத்து, பிள்ளைகளை அக்கா மகளுக்கு அடுத்த வரிசையில் போடுங்கள். கோடுகள் குறுக்கே வெட்டிக்கொண்டால், பாலம்போல ஒரு சிறு வளைவு போட்டுத் தாண்டுங்கள்.

“சொந்தமில்ல, ஆனா ரெண்டு பேரும் ஒரே ஊருதான்” என்று சொன்னால் ஒற்றைக் கோடே போட்டு, பக்கத்தில் ஊர்ப் பெயரை எழுதுங்கள். சின்ன ஊரில் ஒரே சமூகத்துக்குள் பல தலைமுறை கொண்டு கொடுத்திருந்தால், நினைவுக்கு எட்டாத ஒரு பொது மூதாதை இருக்கக்கூடும்.

மூலையில் கட்டாயம் இருக்க வேண்டியவை: கறுப்பு எதைக் குறிக்கிறது, வரைந்த தேதி, தகவல் தந்தவரின் எண். மருத்துவ ரிப்போர்ட் கண்ணால் பார்த்தவர்களுக்கு நட்சத்திரக் குறி போடுங்கள். வாய்ச்சொல்லும் ரிப்போர்ட்டும் ஒன்றாகக் கலந்துபோன படத்தால் பயன் மிகக் குறைவு.

சேரும் கோட்டை அளப்பது

இரட்டைக் கோடு எவ்வளவு நெருக்கம் என்பதை எண்ணால் சொல்லலாம். கணவனிலிருந்து தொடங்கி, பொது மூதாதை ஒருவர் வரை ஏறி, மறுபக்கம் மனைவி வரை இறங்குங்கள். வழியில் எத்தனை பேர் என்று கணவன், மனைவி, மூதாதை உட்பட எண்ணுங்கள். அத்தனை முறை பாதியாக்குங்கள். பொது மூதாதை எத்தனை பேரோ அத்தனை வழிகளையும் கூட்டுங்கள்.

மாமனும் அக்கா மகளும்: மாமன், அவருடைய அப்பா, அக்கா, அக்கா மகள் என நால்வர்; நான்கு முறை பாதியாக்கினால் 1/16. அம்மா வழியாகவும் அதே 1/16. கூட்டினால் 1/8. மாமன் மகள் அல்லது அத்தை மகள்: வழியில் ஐந்து பேர், 1/32 இரண்டு முறை, ஆக 1/16. இஸ்லாமியக் குடும்பங்களில் நடக்கும் சித்தப்பா, பெரியப்பா மகள் திருமணத்துக்கும் இதே 1/16தான். முறை என்று ஊர் சொல்வதும் முறையல்ல என்று சொல்வதும் உடல் குரோமோசோமுக்கு (எக்ஸ், ஒய் தவிர்த்த மற்றவற்றுக்கு) தெரியாது.

1/8 என்றால் என்ன பொருள்? பிறக்கும் பிள்ளையின் எந்த ஒரு மரபணு ஜோடியை எடுத்தாலும், இரண்டு பிரதியும் ஒரே மூதாதையிடமிருந்து வந்த ஒரே நகலாக இருக்க எட்டில் ஒரு வாய்ப்பு. பிள்ளைக்கு எட்டில் ஒரு பங்கு நோய் வாய்ப்பு என்று பொருள் அல்ல. இந்தத் தவறான அர்த்தத்தால் வீண் பயம் கொண்ட தம்பதிகள் நிறைய. சொந்தத்தில் கட்டிய பெரும்பாலானோருக்கு நல்ல ஆரோக்கியமான பிள்ளைகளே பிறக்கிறார்கள். கூடுவது ஒடுங்கு நோய்களின் வாய்ப்பு மட்டும். 1902-ல் லண்டனில் ஆர்ச்சிபால்டு காரோட், சிறுநீர் கறுத்துப்போகும் ஓர் அரிய நோயை ஆராய்ந்தபோது, அப்பிள்ளைகளின் பெற்றோரில் பலர் ஒன்றுவிட்ட சகோதர உறவுக்காரர் என்று கவனித்தார். மனிதரில் ஒடுங்கு பண்பு முதன்முதலாகப் பிடிபட்டதே அந்த இரட்டைக் கோட்டின் வழியாகத்தான்.

இரண்டு மூன்று தலைமுறையாகத் தொடர்ந்து சொந்தத்தில் கட்டியிருந்தால் ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் இருக்கும். எல்லாவற்றையும் கண்டுபிடித்துக் கூட்ட வேண்டும். கணவனின் அம்மாவும் மனைவியின் பாட்டியும் கூடப் பிறந்தவர்கள் என்பது வரைந்து முடித்த பிறகுதான் பலருக்குக் கண்ணில் படும்.

படிக்கும் வரிசை

குணம் இல்லாத தாய் தந்தைக்குக் குணம் உள்ள பிள்ளை பிறந்திருக்கிறதா? ஆம் என்றால் முதல் சந்தேகம் ஒடுங்கு பண்பு. அந்தப் பிள்ளை பெண்ணாக இருந்தால் எக்ஸ் ஒடுங்கு கிட்டத்தட்ட விலகிவிடும்; அப்பாவிடம் இருக்கும் ஒரே எக்ஸ் அப்படியே மகளுக்குப் போவதால், அது பழுதாக இருந்திருந்தால் அப்பாவிடமே தெரிந்திருக்கும். ஆகவே உடல் குரோமோசோம் ஒடுங்கு. மேலே இரட்டைக் கோடும் இருந்தால் இந்த முடிவு இன்னும் உறுதியாகும்.

பாதிக்கப்பட்டவர்கள் அனைவரும் ஆண்கள், எல்லாரும் தாய்வழியில் இணைந்தவர்கள், அதாவது தாய்மாமனும் மருமகனும், அம்மாவின் பெரியம்மா பையனும் என்றால் எக்ஸ் ஒடுங்கு. ஹீமோபீலியா (ரத்தம் சரியாக உறையாத நோய்), டூஷேன் தசைச் சிதைவு, சிவப்பு பச்சை நிறக்குருடு, ஜி6பிடி நொதிக் குறைபாடு இந்த வகை. கடைசியில் சொன்னது வீட்டில் இருக்கிறதென்று தெரிந்தால் துணிப் பெட்டியில் போடும் பாச்சை உருண்டையையும், மலேரியாவுக்குக் கொடுக்கும் பிரைமாகுயின் போன்ற சில மருந்துகளையும் தவிர்க்க வேண்டும். ரத்தச் சிவப்பணுக்கள் திடீரென உடையும். நிறக்குருடு உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் படகின் இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை விளக்கு என்று பார்த்து ஓட்டும் கடல் வேலைக்கும், ரயில் எஞ்சின் ஓட்டும் வேலைக்கும் போக நினைக்கும் பையனுக்கு பன்னிரண்டு வயதிலேயே நிறப் புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் இஷிஹாரா தட்டுகளைக் காட்டிப் பார்த்துவிடுவது நல்லது.

ஒவ்வொரு தலைமுறையிலும் குணம், ஆண் பெண் இருவருக்கும், அப்பாவிடமிருந்து மகனுக்கும் என்றால் உடல் குரோமோசோம் ஓங்கு. பாதிக்கப்பட்ட அப்பாவின் எல்லா மகள்களுக்கும் உண்டு, ஒரு மகனுக்கும் இல்லை என்றால் எக்ஸ் ஓங்கு. வைட்டமின் டி கொடுத்தும் சரியாகாத ஒருவகை எலும்பு மென்மை நோய் இதற்கு நல்ல உதாரணம். அம்மாவிடமிருந்து ஆண் பெண் எல்லாருக்கும் போய், மகன்களிடமிருந்து யாருக்கும் போகாமல் நின்றால் மைட்டோகாண்ட்ரியா (அம்மாவிடமிருந்து மட்டுமே வரும் செல் உறுப்பு) வழி மரபு.

விதிகள் சறுக்கும் இடங்கள்

நம் ஊர்ப் படங்களில் அதிகம் ஏமாற்றுவது போலி ஓங்குத்தன்மை. பிறவியிலேயே கேளாத ஒருவர் அக்கா மகளைக் கட்டுகிறார். அவருடைய நோய் ஒடுங்கு வகை. ஆனால் அக்கா கடத்தியாக இருந்து, அந்த மரபணு மகளுக்கும் வந்திருந்தால், பிள்ளைகளில் பாதிப் பேருக்குக் கேளாமை வரலாம். படத்தில் அப்பா, மகன், மகள் எல்லாம் கறுப்பு. இரட்டைக் கோட்டை மறந்தவர் ஓங்கு பண்பு என்றே எழுதுவார். அடுத்த தலைமுறையில் இந்தப் பிள்ளைகள் வெளியில் மணம் முடித்தால் குணம் பெரும்பாலும் மறைந்துவிடும் என்ற நல்ல செய்தியை அவர் சொல்லாமலே விட்டுவிடுவார்.

“அப்பாவிடமிருந்து மகனுக்கு வந்தால் எக்ஸ் வழி அல்ல” என்ற விதியும் இங்கே தடுமாறும். நிறக்குருடு உள்ளவர் அக்கா மகளைக் கட்டினால், அக்கா கடத்தியாக இருக்க 1/2, அக்கா மகள் கடத்தியாக இருக்க 1/4 வாய்ப்பு. அவர் கடத்தி என்றால் மகன்களில் பாதிப் பேருக்கு நிறக்குருடு, மகள்களில் பாதிப் பேருக்கும் நிறக்குருடு. பார்ப்பதற்கு அப்பாவிடமிருந்து மகனுக்கு வந்ததுபோல இருக்கும். உண்மையில் மகனுக்கு அது அம்மா கொடுத்த எக்ஸ்.

முன்பு சொன்ன மாமன் மகள், அத்தை மகள் வேறுபாடு இங்கேதான். ஊர் வழக்கில் இருவரும் முறைப்பெண்தான். ஆனால் ஓர் ஆண் தன் அத்தை மகளைக் கட்டினால், அந்த உறவு அவருடைய அப்பா வழியாக வருகிறது. அப்பா மகனுக்கு எக்ஸ் தருவதில்லை. ஆகவே எக்ஸ் கோடுகள் சேர்வதே இல்லை. மாமன் மகளைக் கட்டினால் பாட்டியின் ஒரே எக்ஸ் இரு பக்கமாகவும் இறங்கி, அந்தத் தம்பதிக்குப் பிறக்கும் மகளிடம் சேர 1/8 வாய்ப்பு உண்டு. அக்கா மகளுக்கும் அதே 1/8. ஹீமோபீலியா உள்ள வீட்டில் இந்த வேறுபாடு சின்ன விஷயமல்ல.

புதிய சடுதி மாற்றத்தையும் (பெற்றோரிடம் இல்லாமல் பிள்ளையிடம் புதிதாகத் தோன்றும் மரபணு மாற்றம்) மறக்கக்கூடாது. குட்டையான கை கால்களோடு பிறக்கும் அகோண்ட்ரோபிளேசியா ஓங்கு பண்புதான். ஆனால் அத்தகைய பிள்ளைகளில் பெரும்பாலோரின் பெற்றோர் சாதாரண உயரம் உள்ளவர்கள். ஹீமோபீலியாவிலும் டூஷேனிலும் ஏறத்தாழ மூன்றில் ஒன்றுக்குக் குடும்பத்தில் முன் வரலாறே இருக்காது.

ஆறாவது விரல் இன்னொரு பொறி. ஓங்கு பண்பாக இறங்கும் குடும்பங்களிலும் மரபணு உள்ள ஒருவருக்கு விரல் ஐந்தாகவே இருந்துவிடலாம். அவர் பிள்ளைக்கு மறுபடி ஆறு வரும். கைக்குழந்தையிலேயே நூல் கட்டி உதிரவிட்ட விரலும் உண்டு, ஆகவே சுண்டுவிரல் ஓரத்தில் தழும்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

நாற்பதுக்கு மேல் வெளிப்படும் நோயைத் தேடும்போது, இருபத்தைந்தில் கடலில் இறந்துபோனவரை “நோய் இல்லாதவர்” என்று வெள்ளையாக விடக்கூடாது. அவர் வாழ்ந்த வயதை எழுதிக் கேள்விக்குறி இடுங்கள்.

காது கேளாத இருவர் மணந்து, பிள்ளைகள் எல்லாருக்கும் நன்றாகக் கேட்டால் பதறி அப்பா யார் என்று கேட்கும் ஊர் இது. கேளாமைக்குக் காரணமான மரபணுக்கள் பல உள்ளன. அம்மாவுக்கு ஒன்றிலும் அப்பாவுக்கு வேறொன்றிலும் பழுது என்றால், பிள்ளைக்கு இரண்டிலும் ஒரு நல்ல பிரதி கிடைத்துவிடும்.

வாய்ப்பைக் கணக்கிடுவது

நெல்லிக்குப்பம் பக்கத்துக் குடும்பம் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். 1-1, 1-2 தம்பதிக்கு மூன்று பிள்ளைகள். மூத்த மகள் 2-1, நலம். நடுமகன் 2-2, தாலசீமியா மேஜர் (இரண்டு பிரதியும் பழுதான கடும் வகை), இறந்துவிட்டார். இளைய மகன் 2-3, நலம். 2-1 வெளியில் மணம் முடித்து 3-1 என்ற மகள். இப்போது 2-3-க்கும் 3-1-க்கும் கல்யாணப் பேச்சு.

2-2-க்கு நோய் இருந்ததால் பெற்றோர் இருவரும் கடத்திகள் என்பது உறுதி. கடத்திகளின் பிள்ளைகளை நான்கு பங்காக எண்ணுங்கள்: ஒரு பங்கு நோய், இரண்டு பங்கு கடத்தி, ஒரு பங்கு முழு நலம். 2-3-க்கு நோய் இல்லை என்று நமக்கே தெரியும். அந்தப் பங்கை அடித்துவிட்டால் மிச்சம் மூன்றில் இரண்டு கடத்தி. ஆக 2/3. இங்கே 1/2 என்று எழுதுவதுதான் மாணவர்கள் அதிகம் செய்யும் பிழை. 2-1-க்கும் 2/3, அவர் மகள் 3-1-க்கு அதில் பாதி, 1/3. இருவரும் கடத்தியாக இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் 1/4. பெருக்குங்கள்: 2/3 × 1/3 × 1/4 = 1/18. இதே 2-3 வெளியில் பெண் எடுத்து, அந்தப் பெண் கடத்தியாக இருக்கும் வாய்ப்பு 1/30 என்று வைத்தால் 2/3 × 1/30 × 1/4 = 1/180. பத்து மடங்கு வித்தியாசம்.

தாலசீமியாவில் கணக்கோடு நிற்க வேண்டியதில்லை. ரத்தத்தில் ஹீமோகுளோபின் ஏ2 அளவை ஹெச்பிஎல்சி என்ற ஆய்வக முறையில் பார்த்தால் போதும், 3.5 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பீட்டா தாலசீமியா கடத்தி என்று கொள்வது வழக்கம். இருவரில் ஒருவர் கடத்தி இல்லை என்றாலே 1/18 என்பது அந்த நோயைப் பொறுத்தவரை அநேகமாகப் பூஜ்யம். இரும்புச்சத்துக் குறைவு இருந்தால் ஏ2 குறைத்துக் காட்டும் என்பதால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். சமீபத்தில் ரத்தம் ஏற்றியிருந்தால் மூன்று மாதமாவது கழித்துப் பாருங்கள்.

எக்ஸ் வழி நோய்க்குக் கணக்கு கொஞ்சம் மாறும். ஒரு பெண்ணின் தம்பிக்கும் தாய்மாமனுக்கும் ஹீமோபீலியா. அம்மா கடத்தி என்பது உறுதி, மகளுக்கு 1/2. அவருக்கு இரண்டு ஆண் பிள்ளைகள், இருவரும் நலம். இந்தத் தகவலையும் சேர்க்க வேண்டும். கடத்தியாக இருந்தும் இரு மகன்களும் தப்பியிருக்க 1/2 × 1/4 = 1/8. கடத்தி இல்லாமலிருந்து இருவரும் நலமாக இருக்க 1/2 × 1 = 1/2. மொத்தம் 5/8, அதில் முதலாவது 1/8. ஆக அவர் கடத்தியாக இருக்கும் வாய்ப்பு 1/5-ஆகக் குறைந்துவிட்டது. அடுத்துப் பிறப்பது மகன் என்றால் அவருக்கு நோய் வர 1/10.

“நாலுல ஒண்ணுன்னு சொன்னாங்க, ஒண்ணு வந்துடுச்சு, இனி மூணு நல்லா பொறக்கும்” என்ற நம்பிக்கை பல வீடுகளில் இருக்கிறது. 1/4 ஒவ்வொரு கருவுக்கும் புதிதாகத் தொடங்குகிறது. முன் பிள்ளைக்கு என்ன ஆனது என்று அடுத்த கருவுக்குத் தெரியாது.

பள்ளி, கல்லூரித் திட்டப்பணிக்குப் பல குடும்பங்களின் படங்களைத் திரட்டுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இரண்டு பிள்ளைகள் உள்ள வீடுகளில் ஒடுங்கு நோயை எண்ணினால் 25 சதவீதம் வராது, 57 சதவீதம் வரும். காரணம், கடத்திப் பெற்றோராக இருந்தும் இரு பிள்ளைகளும் தப்பிய வீடுகள் (16-ல் 9) உங்கள் கணக்கிலேயே வரவில்லை. மிச்சம் 7 வீடுகளில் 14 பிள்ளைகள். அவர்களில் 8 பேருக்கு நோய். விதி பொய்க்கவில்லை, திரட்டிய வழி அப்படி. நாக்கை மடிப்பது, ஒட்டிய காதுமடல் ஆகியவற்றை ஒற்றை மரபணுக் குணமாக எடுத்துப் படம் வரையவும் வேண்டாம். ஒரே கருவில் பிறந்த இரட்டையரிலேயே ஒருவர் நாக்கை மடிப்பார், மற்றவரால் முடியாது. காதுமடல் முடி ஒய் குரோமோசோம் வழி என்பதும் பழைய நூல்களோடு போன கருத்து. ஏபிஓ ரத்த வகையை எடுங்கள், சுத்தமாக வரும்.

படத்தோடு மருத்துவரிடம்

ஜிப்மரோ வேறு பெரிய மருத்துவமனையோ, மரபியல் ஆலோசனைக்குப் போகும்போது படத்தையும் கொண்டுபோனால் முதல் அரைமணி நேரம் மிச்சம். கல்யாணப் பேச்சு நடக்கும்போதே, முடிந்து விட்டதென்றால் கரு தங்குவதற்கு முன்பே போங்கள். கருவில் பரிசோதனை தேவைப்பட்டால் நஞ்சுத்திசு எடுப்பது 11 முதல் 13 வாரத்துக்குள், பனிக்குட நீர் எடுப்பது 15 வாரத்துக்கு மேல். குடும்பத்தில் எந்த மரபணுவில் எந்த மாற்றம் என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால்தான் அந்தப் பரிசோதனையால் பயன். அதைக் கண்டுபிடிக்கவே சில வாரங்கள் ஆகும். 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி கருவின் பாலினம் சொல்வது குற்றம். ஆனால் பால் வழி மரபு நோய்களுக்கும் ஹீமோகுளோபின் நோய்களுக்கும், பதிவு பெற்ற மையத்தில் கருவைப் பரிசோதிக்க அதே சட்டம் இடம் தருகிறது.

படத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். கடத்தி என்று ஒரு பெண் பக்கத்தில் புள்ளி வைத்த படம் அவருடைய தங்கையின் கல்யாணத்தையே நிறுத்திவிடும். பெயரில்லாமல் எண் மட்டும் உள்ள படம் ஒரு தாளில், எண்ணுக்கு உரிய பெயர்கள் வேறு தாளில் இருக்கட்டும். ஒடுங்கு நோய் என்றால் அப்பா ஒரு பிரதி, அம்மா ஒரு பிரதி என்பதைப் பெரியவர்கள் முன்னிலையில் படத்தை வைத்தே விளக்குங்கள். “அவ வயிறு சரியில்ல” என்ற பேச்சை நிறுத்த இந்தத் தாளைவிட நல்ல சாட்சி கிடையாது.

போகும்போது பையில் இருக்க வேண்டியவை: பாதிக்கப்பட்டவரின் எல்லாப் பழைய ரிப்போர்ட்டுகள், முக்கியமாக முதல்முறை ரத்தம் ஏற்றுவதற்கு முன் எடுத்த பரிசோதனை. இறந்துபோன பிள்ளையின் மருத்துவமனை டிஸ்சார்ஜ் சீட்டு எங்காவது பெட்டிக்கடியில் கிடந்தால் அதையும் எடுத்துப் போங்கள், எழுத்து மங்கியிருந்தாலும் சரி.